பேராசிரியர் கூ கே கிம்மும் அரசியல் வரலாறும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் மாதத்தில் ஒரு சனிக்கிழமை நாங்கள் சிலர் கூடி மலேசிய வரலாறு படிக்கிறோம். வருபவர்களில் எஸ்பிஎம் என்ற பள்ளி இறுதித் தேர்வு எழுதப்போகும் பிள்ளைகளும் உண்டு, வேலையிலிருந்து ஓய்வுபெற்ற அண்ணன்மார்களும் உண்டு. பேராசிரியர் கூ கே கிம்மைப் பற்றி நான் பேசிய நாளிலிருந்து வாட்சாப்பில் கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. பெரும்பாலும் அதே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட இப்படி ஓரிடத்தில் எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது.

கூ கே கிம் யார்? இரண்டு வரியில் சொல்ல முடியுமா?

1937 மார்ச் 28இல் பேராக் மாநிலம் கம்பாரில் பிறந்து, இன்று தெலுக் இந்தான் என்று அழைக்கப்படும் தெலுக் ஆன்சனில் வளர்ந்தவர். மலாயாப் பல்கலைக்கழகத்திலேயே படித்து, அங்கேயே விரிவுரையாளராகி, மலேசிய வரலாற்றுப் பேராசிரியராக உயர்ந்தவர். ருக்குன் நெகாரா என்ற மலேசியாவின் தேசியக் கோட்பாட்டை எழுதியவர்களில் ஒருவர். 2019 மே 28இல் கோலாலம்பூரில் தம் 82ஆவது வயதில் காலமானார்.

அரசியல் வரலாற்றாசிரியர் என்றால் அரசியல்வாதியா?

இல்லை. இந்தக் குழப்பம் நிறையப் பேருக்கு இருக்கிறது. அதிகாரம் யார் கையில் இருந்தது, அது எப்படிக் கை மாறியது, யார் பணம் கொடுத்தார்கள், யார் எதிர்த்தார்கள் என்பதைப் பழைய காகிதங்களிலிருந்து எடுத்துச் சொல்பவர்தான் அரசியல் வரலாற்றாசிரியர். அரசியல் அறிவியல் படித்தவர்கள் வேறு. பினாங்கின் இரண்டாம் துணை முதல்வராக 2008 முதல் 2023 வரை இருந்த பேராசிரியர் பி. இராமசாமி அரசியல் அறிவியல் துறைக்காரர், தேர்தலில் நின்று பதவிக்கு வந்தவர். கூ கே கிம் அந்தப் பக்கம் போகவில்லை. பொதுவாழ்க்கை என்று அவருக்கு இருந்ததெல்லாம் குழுக்கள், மேடைகள், பத்திரிகைப் பத்திகள், அப்புறம் நிருபர்களின் தொலைபேசி அழைப்புகள்.

அவர் படித்த காலத்தில் மலாயாப் பல்கலைக்கழகம் எப்படி இருந்தது?

அந்தப் பல்கலைக்கழகம் 1949இல் சிங்கப்பூரில் தொடங்கியது. கோலாலம்பூர்ப் பிரிவு 1959இல் வந்தது. 1962 ஜனவரியிலிருந்து கோலாலம்பூரில் இருப்பதுதான் மலாயாப் பல்கலைக்கழகம் என்று ஆனது. கூ கே கிம் சிங்கப்பூரில் இளங்கலை முடித்த தலைமுறையைச் சேர்ந்தவர். 1967இல் முதுகலை, 1974இல் முனைவர் பட்டம், இரண்டும் இங்கேயே.

அந்தக் காலத்து வரலாற்றுத் துறையில் பெரிய பெயர்கள் இருந்தன. ஈப்போவில் வளர்ந்த வாங் குங்வூ 1960களில் துறைத் தலைவராக இருந்தார். யாழ்ப்பாணத்தில் பிறந்த சின்னப்பா அரசரத்தினம் அதே வளாகத்தில்தான் கற்பித்தார். மலேசிய, சிங்கப்பூர் இந்தியர்களைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1970இல் வந்தது. இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமை வகித்த தனிநாயகம் அடிகளார் 1966இல் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கோலாலம்பூரில் கூட்டினார். சுதந்திரம் கிடைத்துப் பத்து ஆண்டுகூட ஆகாத நாட்டில், ஒரே வளாகத்தில் இத்தனை பேர். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மலைப்பாக இருக்கும்.

அவருடைய முக்கியமான ஆய்வு எது? அதில் அப்படி என்ன புதுமை?

1850 முதல் 1873 வரை தீபகற்பத்தின் மேற்குக்கரை மலாய் மாநிலங்களில் வணிக வளர்ச்சி மலாய் அரசியலை எப்படி மாற்றியது என்ற ஆய்வு. முதுகலைக்காகச் செய்தது, 1972இல் நூலாக வந்தது.

புதுமையைப் புரிந்துகொள்ள, அதற்கு முன் வரலாறு எப்படிச் சொல்லப்பட்டது என்று பார்க்க வேண்டும். மலாய்ச் சிற்றரசர்கள் சண்டை போட்டார்கள், சீனச் சுரங்கக்காரர்கள் வெட்டிக்கொண்டார்கள், வெள்ளைக்காரன் வந்து சமாதானம் செய்து, பிரிட்டிஷ் ஆதிக்கத்துக்கு வழி திறந்த பங்கோர் ஒப்பந்தத்தை 1874 ஜனவரி 20இல் போட்டான். பல காலம் பாடமே இப்படித்தான் இருந்தது. கதைநாயகன் வெள்ளைக்கார அதிகாரி, மற்றவர்கள் எல்லாம் கூட்டம்.

கூ கே கிம் கேட்ட கேள்வி வேறு. சண்டைக்குப் பணம் எங்கிருந்து வந்தது?

நாம் உட்கார்ந்திருக்கும் இந்தக் கோலாலம்பூரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1857இல் கிள்ளானின் ராஜா அப்துல்லாவும் லூக்குட்டின் ராஜா ஜுமாத்தும் மலாக்கா வணிகர்களிடம் 30,000 வெள்ளி டாலர் கடன் வாங்கினார்கள். அந்தப் பணத்தில் 87 சீனத் தொழிலாளர்களைப் படகில் ஏற்றிக் கிள்ளான் ஆற்றில் மேலே அனுப்பினார்கள். ஆறுகள் சேரும் இடத்தில் இறங்கி, அம்பாங் பக்கம் காட்டுக்குள் நடந்து ஈயம் தேடினார்கள். ஒரு மாதத்தில் மலேரியா 69 பேரைக் கொண்டுபோனது. மிச்சம் 18 பேர். மறுபடியும் ஆள் அனுப்பினார்கள், ஈயம் கிடைத்தது, ஊர் உண்டானது.

ஈயம் வந்தால் வரி வரும். வரி வந்தால் அதை யார் வசூலிப்பது என்ற தகராறு வரும். 1866இல் ராஜா அப்துல்லா கிள்ளானின் வரி உரிமையை டபிள்யூ. எச். ரீட், டான் கிம் செங் என்ற இரண்டு சிங்கப்பூர் வணிகர்களுக்குக் குத்தகைக்கு விட்டார். அதே ராஜ குடும்பத்தைச் சேர்ந்த ராஜா மஹ்டி தாம் கொண்டுவந்த அபினுக்கு வரி கட்ட மறுத்தார். அடுத்த வருடம் சண்டை மூண்டது, 1870களின் தொடக்கம் வரை ஓயவில்லை. சிலாங்கூர் உள்நாட்டுப் போர் என்று பாடநூலில் வருவது இதுதான். ஆற்று முகத்தில் ஒரு வரிச் சாவடி, மலாக்காவிலும் சிங்கப்பூரிலும் கணக்குப் புத்தகங்கள், நடுவில் ஒரு ராஜ குடும்பம். இப்படிப் பார்க்கும்போது சிற்றரசர்கள் சும்மா சண்டை போட்டவர்களாகத் தெரியவில்லை. மாறிக்கொண்டிருந்த பொருளாதாரத்தில் தங்கள் இடத்தைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்த்தவர்களாகத் தெரிகிறார்கள். மலாய்க்காரர்களையும் சீனர்களையும் தங்கள் கதையில் தாங்களே நடமாடுபவர்களாகக் காட்டிய அந்தக் கோணம்தான் அவர் செய்த பெரிய வேலை என்று நான் நினைக்கிறேன்.

முனைவர் பட்டத்துக்கு என்ன செய்தார்?

1915 முதல் 1935 வரை மலாயாவில் தீவிரவாத அரசியல் எப்படித் தொடங்கியது என்பது. இங்கே தீவிரவாதம் என்பதை இன்றைய பொருளில் எடுத்துக்கொள்ள வேண்டாம். காலனி அரசை அசைத்துப் பார்க்கத் துணிந்த இயக்கங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய நாளிதழ்களை அவர் அளவுக்கு உட்கார்ந்து படித்தவர்கள் குறைவு. மலாய்ப் பத்திரிகைகளின் வழியாகத்தான் மலாய்ச் சமூகத்துக்குள் நடந்த வாக்குவாதங்களை அவர் பிடித்தார். அதிகாரிகளின் கோப்பில், மக்கள் அமைதியாக இருக்கிறார்கள் என்று ஒரு வரி இருக்கும். அதே வாரத்துப் பத்திரிகையில் ஆசிரியருக்குக் கடிதம் எழுதி ஒருவர் கொதித்துக்கொண்டிருப்பார்.

ருக்குன் நெகாராவை அவரா எழுதினார்?

அவர் மட்டும் இல்லை. எழுதிய குழுவில் அவரும் ஒருவர். 1969 மே 13 இனக் கலவரத்துக்குப் பிறகு நாடாளுமன்றம் நிறுத்தி வைக்கப்பட்டு, துணைப் பிரதமர் துன் ரசாக் தலைமையில் தேசிய நடவடிக்கை மன்றம் ஆட்சி நடத்திய காலம் அது. 1970 ஜனவரியில் தேசிய ஆலோசனை மன்றம் கூடியது. அந்த வருடம் ஆகஸ்ட் 31இல் ருக்குன் நெகாரா பிரகடனம் செய்யப்பட்டது. அப்போது கூ கே கிம்முக்கு வயது 33. முனைவர் பட்டம்கூட இன்னும் வாங்கவில்லை.

தமிழ்ப்பள்ளியில் படித்த எல்லாருக்கும் ஐந்து கோட்பாடுகள் தலைகீழ்ப் பாடம். கடவுள் நம்பிக்கை, பேரரசருக்கும் நாட்டுக்கும் விசுவாசம், அரசியலமைப்புச் சட்டத்தைக் கடைப்பிடித்தல், சட்டத்தின் ஆட்சி, நன்னடத்தையும் ஒழுக்கமும். சபைகூடலில் வெயிலில் நின்று வலது கையை உயர்த்திச் சொல்லியிருக்கிறோம். ஆனால் அந்த ஐந்துக்கு முன்னால் ஒரு முகவுரை இருக்கிறது. ஒன்றுபட்ட சமுதாயம், ஜனநாயக வாழ்க்கை முறை, நாட்டின் செல்வத்தை நியாயமாகப் பகிர்ந்துகொள்ளும் சமுதாயம், பலவகைப் பண்பாடுகளையும் தாராள மனத்தோடு ஏற்கும் போக்கு, அறிவியலில் முன்னேறும் சமுதாயம் என்று நாடு எதை நோக்கிப் போக வேண்டும் என்பது அதில்தான் இருக்கிறது. கோட்பாடுகள் குடிமக்கள் செய்ய வேண்டியதைச் சொல்கின்றன, முகவுரை நாடு குடிமக்களுக்குத் தர வேண்டியதைச் சொல்கிறது. பிள்ளைகளுக்கு முகவுரையையும் சேர்த்துப் படித்துக் காட்டுங்கள். ஒரு பக்கம்கூட வராது.

அப்படியானால் அவர் அரசாங்கத்தின் ஆள்தானே?

இதை நேரில் கேட்க வெட்கப்பட்டு எனக்குத் தனியாக எழுதியவர்கள் பலர். கேட்க வேண்டிய கேள்விதான்.

அரசு அமைத்த குழுவில் வேலை செய்தார், டான்ஸ்ரீ என்ற உயரிய அரசுப் பட்டம் பெற்றார், அதிகாரத்தில் இருந்தவர்களோடு பழகினார். எல்லாம் உண்மை. அதனால் அவர் எழுதியதை ஒதுக்கிவிட முடியுமா? என் பதில், முடியாது. 1972 நூலின் ஒவ்வொரு கூற்றுக்கும் கீழே ஆதாரம் இருக்கிறது. கோப்பு எண் இருக்கிறது. நாம் போய் எடுத்துப் பார்க்கலாம், தப்பு என்றால் தப்பு என்று எழுதலாம். பட்டமும் பதவியும் அந்தக் கோப்பை மாற்றிவிட முடியாது.

ஆனால் பின்னாளில் நிருபர்கள் எதற்கெடுத்தாலும் அவரைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்டார்கள், அவரும் சளைக்காமல் சொன்னார். ஒரு மாலைநேரத் தொலைபேசி உரையாடலில் சொன்னதற்கும் பத்து வருடம் உழைத்து எழுதியதற்கும் ஒரே எடை கொடுக்கக் கூடாது. அவரை மதிப்பவன் என்ற முறையில்தான் இதைச் சொல்கிறேன். சமகால அரசியல் பற்றி அவர் சொன்ன சில கருத்துகளோடு எனக்கு உடன்பாடு கிடையாது.

ஹங் துவா சர்ச்சை என்ன?

2012 ஜனவரியில், மலாக்கா சுல்தான்கள் காலத்து வீரர்களாகச் சொல்லப்படும் ஹங் துவா, ஹங் ஜெபாட், இளவரசி ஹங் லீ போ ஆகியோர் வாழ்ந்ததற்கு வரலாற்று ஆதாரம் இல்லை என்று கூ கே கிம் சொன்னார். நாடே கொதித்தது. பள்ளிக்கூடம் தொடங்கி இராணுவக் கப்பல் வரை ஹங் துவாவின் பெயர் இருக்கிற நாடு இது. சீன இளவரசி ஹங் லீ போ மலாக்கா சுல்தானை மணந்தார் என்று மலாய் வரலாற்றுக் காவியம் சொல்கிறது, ஆனால் சீனாவின் மிங் அரசவைப் பதிவுகளில் அப்படி ஓர் இளவரசி இல்லை என்பது அவர் வாதம்.

அந்தக் கோபம் நமக்கும் புரியக்கூடியதுதான். கண்ணகி மதுரையை எரித்ததற்குக் கல்வெட்டு உண்டா என்று மேடையில் ஒருவர் கேட்டால் நம் நெஞ்சு என்ன பாடுபடும்? கண்ணகி நமக்கு வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் எது காப்பியம், எது ஆவணம் என்று பிரித்துச் சொல்வது வரலாற்றாசிரியரின் வேலை. தம் நாட்டு மக்கள் உயிராக நேசிக்கும் ஒரு பெயரைப் பற்றி 74 வயதில் அதைச் சொல்லத் துணிந்தார் என்பதை நான் மறக்க மாட்டேன்.

தமிழர்களைப் பற்றி அவர் எழுதினாரா?

அவருடைய மையக் களம் மலாய்ச் சமூகமும் அதன் அரசியலும். நம்மைப் பற்றிய அடிப்படை ஆய்வுகளுக்கு அரசரத்தினத்தையும், 1969இல் இந்தியக் குடியேற்றத்தைப் பற்றி விரிவாக எழுதிய கெர்னியல் சிங் சந்துவையும்தான் நாட வேண்டும். ஆனால் கூ கே கிம்மின் முறை நமக்கு அப்படியே பொருந்தும்.

1941 கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தைப் பாருங்கள். சம்பளத் தகராறு என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைப் பட்டியலை எடுத்துப் படியுங்கள். சீனத் தொழிலாளருக்குச் சமமான சம்பளம் கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பு கேட்டார்கள். பெண்களிடம் கைவைப்பதை நிறுத்தச் சொன்னார்கள். அதற்கு நடுவில் இன்னொன்று: துரைக்கும் தோட்டத்து உத்தியோகஸ்தர்களுக்கும் முன்னால் சைக்கிளை விட்டு இறங்காமல் ஓட்டிப் போக அனுமதி. அந்த ஒரு கோரிக்கையைப் படித்த அன்று எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. லயம் என்ற தொழிலாளர் வரிசை வீட்டு வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு தலைகுனிந்து நின்ற ஒருவர், இனிமேல் இறங்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்.

அந்தப் போராட்டத்தின் முன்னணியில் நின்ற ஆர். எச். நாதன் ஒரு பத்திரிகைக்காரர், 'தமிழ் நேசன்' நாளிதழில் வேலை செய்தவர். 1941 மே மாதம் அவரைக் கைது செய்ததும் தோட்டங்கள் மறுபடி கொதித்தன. சிலாங்கூரில் அவசரநிலை அறிவித்துத் துருப்புகளை இறக்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் உயிர் போனது. நாதன் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். இதில் அபின் வரிக்குப் பதில் ரப்பர் விலை, ராஜாவுக்குப் பதில் தொழிலாளி. பணம் எங்கிருந்து வந்தது, யார் பயந்தார்கள் என்ற அதே கேள்விகளைக் கேட்டால் போதும்.

அவர் தமிழ்க் கலையோடு தொடர்புள்ளவர் என்கிறார்களே?

அவருடைய மகன்களில் ஒருவரான மாவின் கூ உலகறிந்த பரதநாட்டியக் கலைஞர், சென்னையில் அடையாறு கே. லட்சுமணனிடம் பயின்றவர். இன்னொருவரான எடின் கூ, மாக் யோங், வாயாங் கூலிட் போன்ற மரபுக் கலைகளுக்காகப் புசாகா என்ற அமைப்பை நடத்துபவர். அந்த வீடு எப்படிப்பட்ட வீடு என்பதற்கு இதுவே போதும்.

வேறு யாரைப் படிக்கலாம்?

பினாங்குக்காரர்களுக்கு என் முதல் பதில் சியா பூன் கெங். பத்திரிகையாளராக இருந்து வரலாற்றுக்கு வந்தவர், பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார், 2015இல் மறைந்தார். ஜப்பானியர் காலமும் அதை ஒட்டிய இனச் சண்டைகளும் பற்றிய அவருடைய 1983 நூலும், கெடா எல்லையில் வாழ்ந்த விவசாயக் கொள்ளைக்காரர்களைப் பற்றிய நூலும் படிக்கப் படிக்க விடாது.

என் மகள் வரலாறு படிக்க ஆசைப்படுகிறாள். சோறு போடுமா?

2013இலிருந்து எஸ்பிஎம் தேர்வில் சரித்திரம் கட்டாயம் தேர்ச்சி பெற வேண்டிய பாடம், ஆகவே ஆசிரியர் வேலைக்கு வழி உண்டு. ஆவணக் காப்பகம், அருங்காட்சியகம், பத்திரிகை என்று மற்ற வழிகளும் இருக்கின்றன. பெரிய சம்பளம் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று, அக்கா. தமிழும் மலாயும் ஆங்கிலமும் மூன்றும் வாசிக்கத் தெரிந்த ஒரு பெண் வரலாற்றுக்கு வந்தால், மற்ற ஆய்வாளர்கள் தொட முடியாத கட்டுகள் அவளுக்குத் திறக்கும். பழைய தமிழ்ப் பத்திரிகைகளை முழுதாகப் படித்து ஆய்வு செய்தவர்கள் இன்றும் மிகக் குறைவு. தடுக்காதீர்கள்.

எங்கே போய்ப் படிப்பது?

கோலாலம்பூரில் தேசிய ஆவணக் காப்பகம், ஜாலான் துவாங்கு அப்துல் ஹாலிமில், பழைய பெயர் ஜாலான் டூத்தா. சிலாங்கூர் செயலகக் கோப்புகள் அங்கே இருக்கின்றன. முதல் நாள் ஒன்றும் பிடிபடாது. பிரிட்டிஷ் குமாஸ்தாவின் கையெழுத்துக்குக் கண் பழக இரண்டு மூன்று நாள் ஆகும். மலாயாப் பல்கலைக்கழக நூலகம், ஜாலான் துன் ரசாக்கில் தேசிய நூலகம் ஆகியவை அடுத்து. வீட்டில் இருந்தபடியே பார்க்க வேண்டுமானால் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸும் தமிழ் முரசும் பழைய இதழ்களோடு இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள். ஒரே ஊருக்கு நாலு எழுத்துக்கூட்டல் இருக்கும், எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள்.

1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019 தொடக்கத்தில் நின்றுபோனது. கூ கே கிம் காலமானதும் அதே வருடம்தான்.

எங்கள் வீட்டில் பழைய தோட்டத்துக் காகிதங்கள் கிடக்கின்றன. யாருக்காவது பயன்படுமா?

பயன்படும். தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள்.

என் தாத்தா ரப்பர் மரத்தில் பால் வெட்டிய தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றபோது ஆபீஸ் காகிதங்களைப் பின்னால் குழி வெட்டிக் கொளுத்தினார்கள். இரண்டு நாள் புகைந்தது என்று அம்மா சொல்வார். தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணியார், வேலைநாளும் சம்பளமும் பதியும் செக்ரோல் புத்தகம் ஒன்றை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தார், அவர் பிள்ளைகள் அதை எங்களிடம் கொடுத்தார்கள். நீல மையில் கோடு போட்ட பக்கம். இடது ஓரம் பெயர், அடுத்து ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம். பெரட்டு என்ற காலை ஆள்கணக்குக்கு வந்த நாளுக்குக் கோடு, அரை நாளுக்கு அரைக் கோடு, கடைசியில் அரிசிக்குப் பிடித்த பணம். தாத்தாவின் பெயருக்கு நேராக ஒரு வாரம் முழுக்கக் காலிக் கட்டங்கள். அந்த வாரத்தில்தான் என் பெரியப்பா இறந்து பிறந்தார் என்று பாட்டி தேதியைக் கேட்டதும் சொன்னார். சம்பளமும் பிடிக்கப்பட்டிருந்தது. எந்த ஆண்டறிக்கையிலும் இதைப் பார்க்க முடியாது.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். லேமினேட் செய்யாதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள், இரண்டும் காலப்போக்கில் காகிதத்தைத் தின்றுவிடும். ரப்பர் பேண்டும் இரும்புக் கிளிப்பும் வேண்டாம். ஒவ்வொரு பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் கைப்பேசியில் படம் எடுத்து, எந்தத் தோட்டம், யார் கொடுத்தது, எந்த வருடம் என்று சேர்த்து எழுதி வையுங்கள். மூலத்தைக் கொடுக்க மனமிருந்தால் தேசிய ஆவணக் காப்பகத்தைக் கேளுங்கள், தனியார் ஆவணங்களையும் வாங்கிக்கொள்வார்கள். புகைப்படம் என்றால் பின்பக்கத்தில் பென்சிலால் பெயர்களை எழுதுங்கள், பேனா வேண்டாம். இரண்டாவது வரிசையில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பவர் யார் என்று பாட்டியிடம் இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.